தண்ணிக்குள் விழுந்த காமிரா

பேகம்பூரில் உட்கார்ந்துகொண்டு தண்ணீருக்கடியில் படம் எடுக்கும் காமிராவைப் பற்றி எழுதுகிறானே, இவனுக்கு என்ன ஆச்சு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம், காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டோம். திண்டுக்கல் என்றால் பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை. பேகம்பூர் என்றால் ஐதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடங்கியிருக்கும் பெரிய பள்ளிவாசல், அப்புறம் தோல் ஷாப்புகள். கடல் பார்க்க வேண்டுமென்றால் மணிக்கணக்கில் பஸ்ஸில் உட்கார வேண்டும்.

ஆனாலும் எழுத ஒரு காரணம் இருக்கிறது. அது எங்கள் வீட்டு பீரோவில், ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. மூன்றே மூன்று போட்டோக்கள். மூன்றிலும் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தீப்பிடித்த மாதிரி ஒரு கறை.

1994ல், நான் பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பு, அம்மா வீட்டில் எல்லோரும் வேன் பிடித்து பெரியகுளம் பக்கத்திலுள்ள கும்பக்கரை அருவிக்குப் போயிருக்கிறார்கள். மாமு தன் சினேகிதரிடம் ஒரு காமிரா இரவல் வாங்கி வந்திருந்தார். 36 படம் எடுக்கும் ரோல். நன்னா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். போட்டோ என்றாலே தள்ளி நின்றுகொள்வாராம். அன்றைக்கு அருவியில் நனைந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்திருக்கிறார். மாமு கிட்டே போய் ஒரு படம் எடுத்தார். இன்னொன்று எடுக்க ஒரு அடி முன்னால் வைத்தார். பாறை வழுக்கியது. காமிரா தண்ணீருக்குள்.

மறு வருடம் நன்னா மவுத்தாகிவிட்டார். இன்று எங்கள் வீட்டில் அவருக்கு இருப்பது சொசைட்டி கடனுக்காக எடுத்த ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் மட்டும். அதில் யாரோ திட்டுகிற மாதிரி முழித்துக்கொண்டிருக்கிறார். "அத்தா சிரிச்ச போட்டோ அந்த ரோல்ல இருந்துச்சு" என்று அம்மா இப்போதும் சொல்வார்.

நான் பி.காம் படிக்கிறவன். எதைப் பார்த்தாலும் விலை என்ன, யார் வாங்கினார்கள் என்றுதான் முதலில் யோசிப்பேன். தண்ணீர் புகாத காமிரா 1994ல் உலகத்தில் இருந்ததா? இருந்தது என்றால் ஏன் எங்கள் மாமு கைக்கு வரவில்லை? தேடிப் படித்தேன். கதை நான் நினைத்ததைவிடப் பழையது.

முதல் படம்

1856ல் இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில் வேமவுத் என்ற ஊரில் வில்லியம் தாம்சன் என்ற வக்கீல் ஒரு மரப்பெட்டிக்குள் காமிராவை வைத்து, கண்ணாடி பொருத்தி, சுமார் 18 அடி ஆழத்துக்கு இறக்கினார். படகில் இருந்தபடி கயிற்றை இழுத்து மூடியைத் திறந்து பத்து நிமிடம் காத்திருந்தார். மேலே தூக்கிப் பார்த்தால் பெட்டிக்குள் கடல் தண்ணீர்! ஆனாலும் தட்டில் மங்கலாகப் பாறையும் பாசியும் பதிந்திருந்தன. உலகின் முதல் நீரடிப் படம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

தாம்சன் இதைப் பொழுதுபோக்காக மட்டும் செய்யவில்லை. பாலத்தின் அடித்தூண் எப்படி இருக்கிறது என்பதை ஆளை இறக்காமல், குறைந்த செலவில் பார்க்கலாமே என்பதும் அவர் எண்ணம். "குறைந்த செலவு" என்ற ஆசை முதல் நாளிலேயே இந்தக் கதைக்குள் வந்துவிட்டது. இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகுந்தது, ஆனாலும் படம் வந்தது. கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

1893ல் பிரான்சில் பன்யுல்ஸ் என்ற கடலோர ஊரில் லூயி பூத்தான் என்ற உயிரியல் ஆராய்ச்சியாளர் தானே நீர்மூழ்கி உடை போட்டுக்கொண்டு இறங்கிப் படம் எடுத்தார். சில படங்களுக்கு அரை மணி நேரம்கூட அசையாமல் இருக்க வேண்டும். வெளிச்சத்துக்காக ஒரு பீப்பாய் நிறைய ஆக்சிஜனை இறக்கி அதன் மேல் மெக்னீசியம் எரித்தார்கள். 1926ல் அமெரிக்காவின் புளோரிடா பக்கத்தில் லாங்லி, சார்லஸ் மார்ட்டின் என்ற இருவர் முதல் நீரடி வண்ணப்படத்தை எடுத்தார்கள். அதற்கு மிதவையில் மெக்னீசியம் தூளை வைத்து வெடிக்க வேண்டியிருந்தது. மறு வருடம் நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகையில் அந்தப் படங்கள் வெளிவந்தன.

இதெல்லாம் பல்கலைக்கழகமும் பத்திரிகையும் பணம் போட்டு எடுத்த படங்கள். சாதாரண ஆளுக்கு இதில் இடமே இல்லை.

நம் பக்கத்துக் கடல்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கீழக்கரை, தூத்துக்குடி, மன்னார் பக்கத்து மக்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு முத்துக்கும் சங்குக்கும் மூச்சடக்கி மூழ்கியது பல நூற்றாண்டுப் பழக்கம். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். கடலின் அடிப்பகுதியை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? ஆனால் அவர்கள் கண்ட காட்சியை அவர்களே எடுத்த படமாக நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. மூச்சு அவர்களுடையது, காமிரா வேறு யாருடையதோ.

நம் பக்கத்துக் கடலில் எடுத்தவற்றில் என்னை அதிகம் பாதித்தவை திருகோணமலைப் படங்கள். 1620களில் போர்ச்சுகீசியர்கள் கோணேசர் கோயிலை இடித்தார்கள். கற்களில் பல கோட்டைக்குப் போயின, பல மலையிலிருந்து கடலில் விழுந்தன. முன்னூறு வருடத்துக்கும் மேல் கழித்து, 1956ல், இலங்கையில் குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் அந்த மலையடியில் மூழ்கினார்கள். செதுக்கிய கல்தூண்கள் கடலுக்கடியில் கிடப்பதைப் படம் எடுத்தார்கள். 1957ல் வந்த 'தி ரீஃப்ஸ் ஆஃப் டப்ரபேன்' நூலில் கிளார்க் அந்தப் பயணத்தை எழுதியிருக்கிறார். ஊரார் வாய்வழியாகச் சொல்லி வந்த ஒரு விஷயத்துக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி கிடைத்தது அப்போதுதான்.

வில்சன் அதோடு நிற்கவில்லை. 1961ல் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் கிரேட் பாசஸ் என்ற பாறைத்திட்டில் படம் பிடிக்கப் போன இடத்தில், ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள் கிடைத்தன. 1962ல் 'ரன்முத்து தூவ' என்ற சிங்களப் படத்தை எடுத்தார். சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படம் அது, நீரடிக் காட்சிகளோடு. பிற்காலத்தில் அவர் சுவாமி சிவகல்கி என்ற பெயரில் இந்துத் துறவியாகவே ஆகிவிட்டார். எங்கே ஆரம்பித்து எங்கே போய் முடிந்திருக்கிறது பாருங்கள் :)

தமிழ்நாட்டுப் பக்கம் 1991 முதல் 1993 வரை கோவா தேசிய கடலியல் நிறுவனமும் மாநிலத் தொல்லியல் துறையும் பூம்புகார் கடலில் தேடின. கரையிலிருந்து சுமார் 5 கி.மீ. தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாடம் மாதிரி ஒரு அமைப்பைப் பார்த்தார்கள். 2002ல் மாமல்லபுரத்தில் 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்களும் வெட்டிய கற்களும் தெரிந்தன. இந்தப் படங்களை வைத்துக்கொண்டு பத்தாயிரம் வருடம், பதினோராயிரம் வருடம் என்று அடித்துவிடுகிறவர்கள் உண்டு. படத்தைப் பார்த்து வயது சொல்ல முடியாது. கலங்கிய தண்ணீரில் எடுத்த படத்தில் கல் தெரிந்தால், அங்கே ஒரு கல் இருக்கிறது என்பது வரைக்கும்தான் சாட்சி. மீதியை ஆய்வு செய்துதான் சொல்ல வேண்டும்.

விலை இறங்கிய கதை

தண்ணீரை வெளியே நிறுத்துவது எது? பெரிய சமாச்சாரம் இல்லை, ஒரு ரப்பர் வளையம். ஓ-ரிங் என்பார்கள். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்பவர் எழுபது வயதுக்கு மேல் 1937ல் இதற்குக் காப்புரிமை கேட்டு, 1939ல் பெற்றார். ஆழத்தில் தண்ணீர் அழுத்த அழுத்த இந்த வளையம் தன் பள்ளத்தில் இன்னும் இறுக்கமாக உட்காரும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆயிரக்கணக்கில் விலை போகும் காமிராவின் தலையெழுத்து சில ரூபாய் வளையத்தில் இருக்கிறது. அதில் ஒரு தலைமுடி சிக்கினால்கூடப் போச்சு.

அதுவரை நல்ல காமிராவைத் தனிப் பெட்டிக்குள் வைத்துத்தான் இறக்கினார்கள். பிரான்சின் கூஸ்டோ குழுவோடு இருந்த ழான் டி வூட்டர்ஸ், பெட்டியே இல்லாமல் காமிராவே தண்ணீர் தாங்கும்படி 'கலிப்சோ'வை வடிவமைத்தார். அதை ஜப்பானின் நிக்கான் வாங்கி 1963ல் 'நிக்கானோஸ்' என்று விற்றது. மூழ்குகிறவர்கள் மட்டுமில்லை, வியட்நாம் போரில் மழையிலும் சேற்றிலும் நின்ற பத்திரிகைக்காரர்களும் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 2001ல் தயாரிப்பு நின்றது. நல்ல காமிராதான், ஆனால் விலை தொழில்காரர்களுக்கான விலை.

சாதாரண ஆளின் முறை 1980ல் வந்தது. மினோல்டா நிறுவனத்தின் 'வெதர்மேட்டிக்', மஞ்சள் நிறம், 5 மீட்டர் வரை தாங்கும், கை தவறினால் மிதக்கும். மஞ்சள் எதற்கு? தண்ணீரில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியத்தான். 1986ல் ஃபியூஜி ஒருமுறை காமிராவைக் கொண்டுவந்தது. பிலிமை விற்க, அதைச் சுற்றி ஒரு அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் லென்சும். 1989ல் கோடாக் 'வீக்கெண்ட் 35' என்று தண்ணீர் புகாத ஒருமுறை காமிராவை விட்டது. எங்கள் மார்க்கெட்டிங் பாடத்தில் வருகிற மாதிரியே, பொருளை மலிவாக்க வேண்டுமென்றால் அதிலிருந்து எதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று யோசித்திருக்கிறார்கள். போகஸ் திருப்புவது வேண்டாம். பிளாஷ் வேண்டாம். பேட்டரி வேண்டாம். 10 மீட்டர் வரை தாங்கும், 27 படம் எடுக்கும் இந்த ஜாதிக் காமிராக்கள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன.

ஆக, 1994ல் மலிவான வாட்டர்ப்ரூஃப் காமிரா உலகத்தில் இருந்தது. திண்டுக்கல்லில் மாமு கையில் இல்லை, அவ்வளவுதான். ஒரு ரோலும் அதைக் கழுவிப் பிரிண்ட் போடும் காசுமே அன்றைக்குப் பெரிய செலவு. அதனால்தான் காமிராவை இரவல் வாங்குவார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 2006ல் ஒலிம்பஸ் 3 மீட்டர் தாங்கும் சின்ன டிஜிட்டல் காமிராவை விட்டது. நிக் வுட்மேன் அலைச்சறுக்கு ஆடுகிறவர்களுக்காக 2004ல் பிலிம் காமிராவாகத் தொடங்கிய கோப்ரோ, 2006ல் டிஜிட்டலானது. 2013ல் சோனி எக்ஸ்பீரியா இசட், 2016ல் ஐபோன் 7 என்று போன்களே தண்ணீர் தாங்க ஆரம்பித்தன. மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆண்டுகளில் பவளப்பாறைகள் வெளுத்தபோது, தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மூழ்கிப் பார்த்துப் பதிவு செய்தார்கள். கடலுக்கடியில் ஒரு காடு அழிவதை வெளியில் இருக்கும் நமக்குக் காட்ட அந்தப் படங்கள்தான் வழி.

வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம்

ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழம், 30 நிமிடம், அதுவும் அசையாத நல்ல தண்ணீரில் செய்த சோதனை. அருவி அடிக்கும் வேகம் வேறு. பல போன் கம்பெனிகள் தண்ணீர் புகுந்தால் வாரண்டி தருவதில்லை, வாங்கும் முன் படித்துப் பாருங்கள். கடலில் இறங்கினால் வந்தவுடன் நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு வளையத்தைக் கெடுக்கும். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு நிறம் மங்கிவிடும், அதனால் படம் நீலமாக வந்தால் காமிராவைத் திட்டாதீர்கள். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், இருந்தாலும் கலங்கலைக் குறைக்க முடிந்தவரை கிட்டே போய் எடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, காமிராவுக்கு நீச்சல் தெரியும் என்பதால் உங்களுக்கும் தெரியும் என்று அர்த்தமில்லை. கும்பக்கரைப் பாறைகளில் உயிர்கள் போயிருக்கின்றன.

போன வருடம் ஒருமுறை காமிரா ஒன்று கிடைத்தது, சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர் விட்டுவிட்டுப் போனது. மாமுவைக் கூட்டிக்கொண்டு கும்பக்கரை போனேன். அவருக்கு இப்போது அறுபதுக்கு மேல். காமிராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதானா? பொம்ம மாதிரி இருக்கு" என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிலிமைக் கழுவ கூரியரில் சென்னைக்கு அனுப்பினேன். 27ல் 19 படம் வந்தது. ஒன்றில் மாமு தலையில் துண்டோடு சிரிக்கிறார். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்படியே அத்தா" என்றார்.

இதை எழுதுவதற்காகப் படித்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. நனைந்த பிலிமைக் காயவிடக் கூடாதாம். வெளிச்சம் படாமல், அப்படியே சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு சீக்கிரமாக ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனால் பல படங்களைக் காப்பாற்றிவிடலாம். தாம்சனின் பெட்டியில் தண்ணீர் புகுந்தும் படம் வந்தது அல்லவா?

மாமு அன்றைக்கு என்ன செய்தார் என்று அம்மாவிடம் கேட்டேன். "பாவம், பதறிப்போயி பின்னாடி மூடியத் தெறந்து பாறையில வச்சு வெயில்ல காய வச்சாரு" என்றார்.

சுருளின் உள்பக்கம் இருந்தவை முதலில் எடுத்தவை. அதனால்தான் வேனில் எடுத்த மூன்று மட்டும் ஓரத்தில் கறையோடு தப்பின. நன்னா கடைசிப் படம். வெளிச்சுற்று. அதைக் கெடுத்தது தண்ணீர் இல்லை, வெயில்.

முப்பது வருடமாக மாமு வழுக்கிய பாறையைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. உங்கள் வீட்டில் நனைந்த ரோல் ஏதாவது இருந்தால் நீங்களாவது திறந்துவிடாதீர்கள்.