சிங்கியின் கையை யார் பார்த்தார்கள்?

ஓர் இளம்பெண் கன்னத்தில் கைவைத்து யோசனையில் ஆழ்ந்திருக்கிறாள். 19ஆம் நூற்றாண்டின் பென்சில் ஓவியங்களில் அடிக்கடி காணும் காட்சி இது. பார்த்ததும் "என்ன நினைக்கிறாள்?" என்று கேட்கத் தோன்றும். தோழர்களே, நம் மண்ணில் எந்தப் பெண்ணைப் பார்த்து அப்படிக் கேட்டார்கள்?

குற்றாலத்திலிருந்தே தொடங்குவோம். 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் இரண்டு பெண்கள். வசந்தவல்லி குற்றாலநாதரை நினைத்து உருகுகிறாள். குறத்தி சிங்கி அவள் கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள். சிங்கி தன் மலைவளத்தைப் பெருமையாகப் பாடுகிறாள், வாயாடுகிறாள். ஆனால் ஏக்கம் வசந்தவல்லிக்கு. அதைப் படித்துச் சொல்லும் வேலை சிங்கிக்கு.

அடுத்த நூற்றாண்டில் படங்கள் வந்தன. கம்பெனி அதிகாரிகளுக்காகத் தஞ்சாவூர் ஓவியர்கள் சாதிக்கொரு ஜோடியாக வரைந்து கொடுத்தார்கள். கையில் தொழிற்கருவி இருக்கும்; அடியில் சாதிப் பெயர் இருக்கும். அந்தப் பெண்ணின் பெயர் இருக்காது.

கிளிமானூர் அரண்மனையில் பிறந்த ரவிவர்மாவின் சகுந்தலையும் தமயந்தியும் நினைவில் ஆழ்ந்து நிற்பவர்கள். அவர்கள் யாரை நினைக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். 1893இல் அவர் 'தென்னிந்திய நாடோடிகள்' என்ற ஓவியமும் வரைந்தார். குழந்தைகளோடு தரையில் அமர்ந்திருக்கும் ஒரு தாய். அவள் முகத்திலும் யோசனை இருக்கிறது. ஆனால் அதை வறுமை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவளுக்கென்று ஒரு கதை இருக்கும் என்று தோன்றுவதே இல்லை.

சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். சாதிகள், பழங்குடிகள் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது குறவர்களும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு சமூகத்தை வெறும் மாதிரியாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அதை மொத்தமாகக் குற்றவாளி என்று எழுதுவது கடினமாக இருக்கவில்லை. அந்தச் சட்டம் ஒழிந்த பிறகும் அந்தப் பார்வை காவல் நிலையங்களில் மிச்சமிருக்கிறது.

இன்றும் நம் பெண்களின் படம் எப்போது வருகிறது? நாற்று நடும்போது, குப்பை அள்ளும்போது, பிணத்தருகே அழும்போது. அவள் சும்மா உட்கார்ந்து யோசிக்கும் படம் எங்கே?

வேலை முடிந்து அம்மா வாசலில் தனியாக உட்காரும் நேரம் ஒன்று உண்டு. அப்போது அவரை வரையுங்கள். என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். படத்தின் கீழே மறக்காமல் அவர் பெயரை எழுதுங்கள்.