கண்காணி

‘கட்டுப்பாட்டு அறை’ நேற்றுப் பிறந்த தொடர். அந்த அறைக்குள் நடக்கும் வேலைக்கான சொல்லோ பழையது. கண்ணும் காணலும் சேர்ந்தது ‘கண்காணி’. சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்ப்பவர் ‘ஸ்ரீமாகேசுவரக் கண்காணி செய்வார்’. பிற்காலத்தில் இலங்கை, மலாயாத் தோட்டங்களில் அவரே ‘கங்காணி’யாகி, ஆள்பிடித்துக் கெட்ட பெயர் வாங்கினார், ஆங்கில அகராதியிலும் இடம்பிடித்தார்.

பெயர் கெடாத கண்காணிகளும் உண்டு.

1899இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 11 மீட்டர் கோபுரத்தின் உச்சியில் உள்ள கண்ணாடி வெயிலைப் பிடித்துக் கீழே அனுப்புகிறது. அது 60 மீட்டர் சுரங்கத்துக்குள் திரும்பி, 34 செ.மீ. அகலச் சூரியனாக விழுகிறது. வெப்பக்காற்று பிம்பத்தைக் குலைக்கக் கூடாதென்றே சுரங்கம் தரைக்கடியில். வெயிலைக் கண்காணிப்பவருக்கு வேலை இருட்டில்!

சுரங்கம் வருவதற்கு வெகுமுன்பே, 1909இல், வானியலாளர் ஜான் எவர்ஷெட் இங்கே சூரியப்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். ‘எவர்ஷெட் விளைவு’ என்று இன்றும் வானியல் நூல்கள் சொல்வது அதைத்தான். வானம் தெளிந்த நாள்களில் சூரியனைப் படமெடுக்கும் வழக்கம் அங்கே நூறாண்டு தாண்டியும் தொடர்கிறது.