சந்திக்கு வந்த சரித்திரம்

நாங்கள் வகுப்பில படிக்கிற 1947 டெல்லியில நடக்குது. நள்ளிரவுக் கூட்டம், நேருவின் பேச்சு, பிறகு பிரிவினை. 1948 எண்டால் கொழும்பு. எனக்கு எப்பவும் ஒரு கேள்வி இருந்தது: வெள்ளைக்காரன் போன பிறகு ஒரு சின்ன ரவுணில என்ன மாறினது? பாடப்புத்தகத்தில இதுக்குப் பதில் கிடைக்கேல்ல. இரண்டு கதைகளில கிடைச்சது.

முதலாவது, ஆர்.கே. நாராயணின் 'லாலி ரோட்' என்ற சிறுகதை. நடக்கும் இடம் மால்குடி. அப்படி ஒரு ஊர் வரைபடத்தில இல்லை. நாராயண் கற்பனையில கட்டின ஊர். ஆனால் சரித்திரம் அங்கயும் வரும். 1935 இல் வெளிவந்த 'சுவாமியும் நண்பர்களும்' நாவலில், 1930 ஓகஸ்டில் சரயு ஆற்றங்கரையில சுதேசிக் கூட்டம் கூடும். சின்னப் பெடியன் சுவாமி உணர்ச்சிவசப்பட்டுத் தன்ர தொப்பியை நெருப்பில போடுவான். பிறகு வீட்டில என்ன சொல்லுறது எண்டு பயப்படுவான். தேசியப் போராட்டம் ஒரு வீட்டுக்குள்ள எப்படி வருகுது எண்டதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லேலாது.

'லாலி ரோட்' சுதந்திரத்துக்குப் பிறகு நடக்குது. தேசபக்தியைக் காட்ட நகரசபை வீதிகளுக்குப் பெயர் மாத்தத் தொடங்கும். பல இடத்துக்காரர் தங்கட வீதிக்கு மகாத்மா காந்தி பெயர்தான் வேணும் எண்டு நிற்பார்கள். முடிவில கடிதங்கள் போய்ச் சேராது, வழி கேட்டவனுக்கு வழி தெரியாது. பிறகு சேர் பிரெடரிக் லாலி என்ற வெள்ளைக்காரரின் சிலையைக் கழட்டுவார்கள். அதுக்குப் பிறகுதான் தெரியவரும், கொடுமைக்காரன் வேறொரு லாலி. இந்த லாலி ஊருக்கு நல்லது செய்த ஆள், வெள்ளத்தில மக்களைக் காப்பாத்தப் போய் இறந்தவர். ஆளை விசாரிக்காமலே தீர்ப்பு எழுதினால் இப்பிடித்தான்.

இரண்டாவது, சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'. 1966 இல் வந்த நாவல். இதன் களம் நாகர்கோவில். அந்த ஊரின் சரித்திரத்தைத் தெரிஞ்சுகொண்டு வாசிச்சால் நாவல் இன்னும் திறக்கும். நாகர்கோவில் திருவிதாங்கூர் மன்னராட்சிக்குள்ள இருந்தது. 1949 இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்குள்ள போனது. 1956 நவம்பர் 1 இல் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஒரு மனிசன் வீட்டை விட்டு அசையாமலே பத்து வருசத்துக்குள்ள மூன்று ஆட்சிகளைக் கண்டிருப்பான்.

நாவலில அந்த மனிசனுக்குப் பதிலாக ஒரு மரம் நிற்குது. மன்னர் காலத்துக் கதைகளைத் தாமோதர ஆசான் சொல்லுவார். பிறகு சுதந்திரம் வருது, காற்றாடி மரத் தோப்பை அழிச்சுப் பூங்கா கட்டுகிறார்கள். மரத்தை வெட்டிப்போட்டு ஏன் செடி வைக்கிறார்கள் எண்டு சாதாரண ஆக்களுக்கு விளங்காது. பிறகு வியாபாரப் போட்டி, நகரசபைத் தேர்தல், பத்திரிகைச் சண்டை. ஒருபக்கம் மரத்தை வெட்டப் பார்க்குது, மறுபக்கம் அதைத் தெய்வமாக்குது. கடைசியில மரம் நஞ்சு வைச்சுக் கொல்லப்படுது. ஒரு தீங்கும் செய்யாமல் சந்தியில நின்ற மரம் அது.

இரண்டு கதையிலயும் அரசாங்கம் எண்டால் நகரசபைதான். டெல்லி தூரத்தில இருக்குது. சனம் சுதந்திரத்தைச் சந்திச்சது பெயர்ப்பலகையிலயும் பூங்காவிலயும் தேர்தலிலயும்தான். பெரிய நகரத்தில ஒரு முடிவை யார் எடுத்தது, யாருக்கு லாபம் எண்டு தெரியாது. சின்ன ரவுணில எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஒருத்தரும் எழுதி வைக்கிறதில்லை. அந்த இடத்திலதான் நாவலாசிரியர் வாறார்.

இதை அப்பிடியே ஆதாரமாக எடுக்கேலாது. மால்குடியில ஓடுற சரயு ஆறும் நாராயணின் கற்பனைதான். நாராயணின் மால்குடி பெரும்பாலும் நடுத்தர வீட்டுத் திண்ணையில இருந்து பார்த்த ஊர். அந்தத் திண்ணையில ஏற விடப்படாத ஆக்கள் அங்க மங்கலாகத்தான் தெரிவார்கள். திகதிக்கும் தொகைக்கும் ஆவணங்களைத்தான் பார்க்கவேணும். ஆனால் ஆவணத்திட்ட என்ன கேட்கவேணும் எண்டதை இந்தக் கதைகள் பழக்கித் தரும்.

நாவலை முடிச்ச கிழமை வீட்ட போனன். எங்கட பக்கத்தில வேம்படி, ஆலடி, புளியடி எண்டு எத்தனை இடங்கள்! எங்கட சந்திக்கும் புளியடி எண்டுதான் பெயர். மரம் இல்லை, நான் பிறக்கேக்கயே இல்லை. அம்மம்மாட்டக் கேட்டன். "ரோட்டை அகலமாக்கேக்க தறிச்சவங்கள்" எண்டா. கடைக்கார ஐயா, செல் விழுந்து பட்டுப்போனது எண்டார். இன்னொரு ஐயா, அதுக்கு முதலே விறகுக்கு வித்துப்போட்டாங்கள் எண்டு சொல்லி, வித்த ஆளின்ர பெயரையும் சொன்னார்.

மூன்று பேருக்கும் எழுபது தாண்டிட்டுது. மூன்று பதிலையும் ஒரு கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன். எது சரி எண்டு பிறகு பார்ப்பம். உங்கட சந்தியில நின்ற மரம் எப்ப போனது எண்டு, கேட்கக்கூடிய ஆக்கள் இருக்கேக்கயே கேட்டு வையுங்கோ.