தனக்காக் கல்லும் கொழுப்புத் துகளும்



1962-இல் பர்மாவில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. அன்று ரங்கூன் என்றழைத்த யாங்கோனிலிருந்து கப்பலேறிய நம்மவர்கள் சொத்தை விட்டு வந்தார்கள். அத்தோவின் ருசியும் தனக்காவின் மணமும் கூடவே வந்தன.

தனக்கா என்பது பெரும்பாலும் தமிழ்நாட்டில் மகாவில்வம் எனப்படும் மரத்தின் பட்டை. வட்டக் கல்லில் நீர்விட்டு இழைத்து, உடனே கன்னத்தில் பூசுவார்கள். இப்பட்டைச் சாறு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்று தாய்லாந்து ஆய்வாளர்கள் 2010-இல் ஆய்வுக்கூடச் சோதனைகளில் கண்டு வெளியிட்டார்கள்.

இத்தகைய தாவரச் சத்துகள் பல காற்றும் ஒளியும் பட்டால் கெட்டுவிடும். தோலின் மேலடுக்கோ செங்கல் சுவர் போன்றது. இடையில் கொழுப்பே சாந்து. நீரில் குழைத்தது எளிதில் உள்ளே போகாது.

1990-களின் தொடக்கத்தில் பெர்லினில் முல்லரும் டூரினில் காஸ்கோவும் இதற்கு வழி கண்டார்கள். மெழுகு போன்ற கொழுப்பை உருக்கி, அதில் சத்தைக் கரைத்து, சுடுநீரில் மிக நுண்ணிய துளிகளாக்கி ஆறவிட்டால் கெட்டித் துகள்கள் கிடைக்கும். தலைமுடியின் தடிப்பில் சில நூறில் ஒரு பங்கே இருக்கும். ஆனால் கொழுப்பு இறுகும்போது சத்தை வெளியே தள்ளியது. பின்னர் சிறிது எண்ணெய் கலந்து அதையும் சரிசெய்தார்கள். 2005-இல் அவ்வகைக் கிரீம்கள் கடைக்கு வந்தன.

சத்து கெடாமல் தோலைச் சேர வேண்டும் என்பதே இத்தனை பாடும். நம் பாட்டிமார் தனக்காவைச் சேமித்து வைக்கவில்லை, அன்றன்று இழைத்தார்கள். கெடுவதற்கு அவர்கள் நேரமே கொடுக்கவில்லை. வீட்டில் அந்தக் கல் இருந்தால், பிள்ளைகளிடம் எடுத்துக் காட்டுங்கள்.