வெயிலுக்கு வாங்குபவர் உண்டு, வெள்ளத்துக்கு இல்லை: ஜொகூரின் காலநிலை முதலீடு

ஜொகூரின் காலநிலைத் திட்டங்களைத் தனியார் முதலாளிகள் கண்டுகொள்வதில்லை என்று இன்று யாரும் குறைகூற முடியாது. கூலாயில் செம்பனை நின்ற யங் தோட்டத்து நிலத்தில் ஒய்டிஎல் பவர் நிறுவனம் 500 மெகாவாட் தரவு மையப் பூங்காவை எழுப்பி வருகிறது. சூரிய மின்சாரமும் அத்திட்டத்தில் அடக்கம். 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் இந்த வேகத்தை மேலும் கூட்டியிருக்கிறது. எனவே முதலீட்டை எப்படி ஈர்ப்பது என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பெரிய பயனில்லை. வந்த பணம் எதற்குப் போகிறது, எதை எட்டிப் பார்க்காமலே விடுகிறது என்பதுதான் ஆராயத்தக்கது.

மலேசியச் சூரியசக்தியின் வளர்ச்சிக்குப் பசுமை முத்திரையும் வட்டிச் சலுகையும் ஓரளவே உதவின. 2016இல் தொடங்கிய பெரும் சூரிய மின் ஏலத் திட்டத்தில் வென்றவருக்கு 21 ஆண்டு மின்கொள்முதல் ஒப்பந்தம் கிடைத்தது. தீபகற்பத்தில் வாங்குபவர் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல். அது பணம் தராமல் போகும் என்று எந்த வங்கியும் அஞ்சவில்லை. முதல் சுற்றில் ஒரு கிலோவாட் மணிக்கு 40 சென் அளவில் இருந்த விலை, மூன்றாம் சுற்றின் மிகக் குறைந்த ஏலத்தில் 18 சென்னுக்கும் கீழே இறங்கியது. 2017இல் சபாவின் தாடாவ் எனர்ஜி வெளியிட்ட 25 கோடி ரிங்கிட் பசுமை சுக்குக் (இஸ்லாமிய முறைப் பத்திரம்), உலகிலேயே முதலாவது. அதற்கும் பின்பலமாக நின்றது இத்தகைய மின்கொள்முதல் ஒப்பந்தம்தான். 2024இல் வந்த பெருநிறுவனப் பசுமை மின்வழங்கல் திட்டம் இதே தர்க்கத்தை ஒரு படி நீட்டியது: தரவு மையம் போன்ற பெரிய நுகர்வோர், மின்கட்டமைப்பைப் பயன்படுத்தக் கட்டணம் செலுத்திவிட்டு, உற்பத்தியாளரிடம் நேரடியாகவே மின்சாரம் வாங்கலாம்.

வெள்ளத்தின் கதை வேறு. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து இருமுறை மூழ்கியது. 2023 மார்ச்சில் சிகாமாட், யோங் பெங், பத்து பகாட் வட்டாரங்களில் தண்ணீர் ஏறியபோது மாநிலத்தில் இடம்பெயர்ந்தோர் ஐம்பதாயிரத்தை எட்டினர்; பத்து பகாட்டில் வெள்ளம் வடிய வாரக்கணக்கானது. அங்கே கரையை உயர்த்துவதும் ஆற்றை ஆழப்படுத்துவதும் காலநிலைத் திட்டங்கள்தாம். ஆனால் வீட்டுக்குள் வராத தண்ணீருக்கு யாரும் பில் போட முடியாது. பில் இல்லாத இடத்தில் வருமானமில்லை, வருமானமில்லாத இடத்தில் கடன் கொடுப்பவருமில்லை.

வெள்ளத்தடுப்பு அரசின் கடமை, அதில் தனியாருக்கு என்ன வேலை என்று மறுப்போர் உண்டு. கடமை அரசினுடையதே, ஐயமில்லை. ஆனால் வரவு செலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் மற்றத் துறைகளோடு போட்டியிடும் பணி, பேரிடர் நடந்த ஆண்டில் மட்டும் முன்வரிசைக்கு வருகிறது. நெதர்லாந்தும் 1953 வெள்ளத்துக்குப் பிறகே விழித்தது என்றாலும், அடுத்த ஆண்டே நீர் வாரியங்களுக்கென ஒரு வங்கியை நிறுவியது. வாரியங்கள் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வரி விதிக்கின்றன. அந்த வரியை நம்பி வங்கி அவற்றுக்குக் கடன் தருகிறது. வங்கியின் பத்திரங்களை உலக முதலீட்டாளர்கள் வாங்குகிறார்கள். கரைக்கும் ஒரு வாங்குபவரைச் சட்டம் உருவாக்க முடியும் என்பதற்கு இது போதிய சான்று.

ஜொகூர் இதை அப்படியே பின்பற்ற முடியாது. மலேசிய அரசியலமைப்பின் 111ஆவது பிரிவு மாநிலங்களின் கடனைக் கட்டிப்போடுகிறது: கூட்டரசிடம் வாங்கலாம், மற்றபடி கூட்டரசு ஒப்புக்கொண்ட வங்கியிலோ நிதி மூலத்திலோ வாங்கினால் ஐந்தாண்டுக்கு மிகக்கூடாது. ஐந்தாண்டுக் கடனில் ஐம்பதாண்டுக் கரையைக் கட்டுவது எப்படி? தரவு மையங்களை ஈர்க்க ஓடியாடும் மாநில நிர்வாகம் இந்தக் கட்டுப்பாட்டைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வியப்பே.

வழி உள்நாட்டிலேயே இருக்கிறது. 2006இல் கூட்டரசு அமைத்த நீர்ச்சொத்து மேலாண்மை நிறுவனம் (மலாய்ச் சுருக்கத்தில் பாஆப்) மாநிலங்களின் குடிநீர்ச் சொத்துகளை ஏற்று, சந்தையில் சுக்குக் வெளியிட்டுப் பணம் திரட்டி, அவற்றை நீர் நிறுவனங்களுக்கே குத்தகைக்கு விடுகிறது. அதில் முதலில் சேர்ந்த மாநிலங்களில் ஜொகூரும் ஒன்று. ஆனால் அந்த ஏற்பாடு குழாய் நீரோடு நின்றுவிட்டது. காரணம், குழாய்க்கு மீட்டர் உண்டு.

வடிகாலுக்கு மீட்டராக, மழைநீரை உறிஞ்சாத கான்கிரீட் பரப்பைக் கொள்ளலாம். ஏக்கர் கணக்கில் கூரையும் தார்த்தளமும் போடுவோரிடம் பரப்புக்கேற்ற கட்டணத்தை மாநில நில வரியோடு சேர்த்து வசூலித்து, கூட்டரசு அமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்தால், அதை நம்பி நீண்டகால சுக்குக் வெளியிடலாம். முதலீட்டாளர் பாத்தாமுக்கோ தாய்லாந்துக்கோ ஓடிவிடுவார் என்ற அச்சம் மிகையானது. சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களை நிறுத்திவைத்தபோது அவர்கள் இங்கு வந்தது கட்டணம் குறைவு என்பதற்காக மட்டுமல்ல. நிலமும் மின்சாரமும் சிங்கப்பூரின் அண்மையும் ஒருசேரக் கிடைத்தன. 2024இல் தரவு மைய விண்ணப்பங்களை ஆராயும் மாநிலக் குழு அவற்றில் கணிசமானவற்றை நிராகரித்தது. 2025இல் தரவு மையங்களுக்கான தண்ணீர் விலை கன மீட்டருக்கு 5 ரிங்கிட்டைத் தாண்டியது. இரண்டுக்குப் பிறகும் வரிசை குறையவில்லை. அந்தப் பேரம்பேசும் வலு மாநிலத்தின் கையில் இருக்கும்போதே, பத்து பகாட்டின் கரைக்கு ஒரு பங்கு கேட்டுப் பெறுவது நிர்வாகத்துக்குக் கடினமான காரியமல்ல.