எல்லைக்கோட்டின் இருபுறமும்: புதுச்சேரியில் ஒரு சட்டத்தின் கதை

1908ஆம் ஆண்டில் பாரதியார் புதுச்சேரிக்கு வந்ததன் காரணம் நாம் அனைவரும் அறிந்ததே. ஆங்கிலேயரின் சட்டம் பிரெஞ்சு எல்லையைத் தாண்டி வந்து அவரைச் சிறைப்பிடிக்க இயலாது. 1910இல் அரவிந்தருக்கும் வ.வே.சு. ஐயருக்கும் அடைக்கலம் தந்ததும் அதே எல்லைக்கோடுதான். அரசியல் வரலாற்றில் இவ்வளவு பேசப்பட்ட அந்தக் கோடு, அதிகம் பேசப்படாத வேறொன்றிலும் இரு உலகங்களைப் பிரித்து வைத்திருந்தது. தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்த ஒருவரை அரசு எவ்வாறு நோக்க வேண்டும் என்பதே அது.

புதுச்சேரியின் வரைபடத்தைக் கண்டவர்கள் அறிவார்கள். அது ஒரே துண்டாக அமைந்த நிலம் அன்று. பாகூர், வில்லியனூர்ப் பகுதிச் சிற்றூர்கள் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்து ஊர்களோடு பின்னிக் கிடந்தன. ஒரே மொழி, ஒரே உறவுமுறை, ஒரே பஞ்சமும் கடனும். ஆனால் சட்டம் வேறு. ஆங்கிலேயர் பக்கத்தில் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 309ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை என்று விதித்திருந்தது. பிரெஞ்சுப் பக்கத்தில் அப்படியொரு குற்றமே ஏட்டில் இல்லை.

பிரெஞ்சுக்காரர் இயல்பிலேயே இரக்கம் மிகுந்தவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. பதினான்காம் லூயி மன்னரின் 1670ஆம் ஆண்டு ஆணை, தற்கொலை செய்துகொண்டவரின் சடலத்தின் மீதே வழக்கு நடத்த வகைசெய்திருந்தது. இறந்தவருக்காக வாதாட ஒருவரை நியமித்து, விசாரித்து, தண்டனை வழங்கும் கொடுமை அது. பிரெஞ்சுப் புரட்சிதான் இதற்கு முடிவு கட்டியது. 1791ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலிருந்து தற்கொலை என்ற குற்றமே நீங்கிற்று. நெப்போலியனின் 1810ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை. பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் 1819இல் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தபோது, அந்த மௌனமும் சேர்ந்தே கடல் கடந்து வந்தது.

மௌனம் என்றே அதைச் சொல்ல வேண்டும். தண்டிக்காமல் விடுவது வேறு, துயருற்றவரின் கையைப் பற்றுவது வேறு. பிரெஞ்சுச் சட்டம் முதலாவதைச் செய்தது. இரண்டாவதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று இணைப்பு சட்டப்படி நிறைவுற்றது. அதன் பின் 1963ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழியே, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் புதுச்சேரிக்கும் நீட்டிக்கப்பட்டது. 309ஆம் பிரிவும் உடன் வந்தது. இதிலுள்ள முரணைக் கவனியுங்கள். அப்பிரிவை நமக்குத் தந்த இங்கிலாந்து, 1961லேயே தன் நாட்டில் தற்கொலையைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அவர்கள் கைவிட்டதை, விடுதலை பெற்ற நாம் புதிதாக ஓர் ஊருக்குக் கொடுத்தோம்.

இத்தகைய சட்டத்தால் சிறைக்குச் சென்றோர் எத்தனை பேர் என்பது பெரிய கேள்வி அன்று. அது ஊட்டிய அச்சமே பெரிது. மருத்துவமனை வாசலில் உறவினர்கள் "தெரியாமல் குடித்துவிட்டாள்" என்பார்கள். விபத்து என்று எழுதப்பட்டால் மனநல மருத்துவரை அழைக்க வேண்டிய தேவையும் எழாது. உடல் தேறியதும் அந்தப் பெண் அதே வீட்டுக்கு, அதே துயரத்துக்குத் திரும்புவாள். ஒருமுறை முயன்றவர் மீண்டும் முயலும் ஆபத்து மிகுதி என்று மருத்துவம் சொல்கிறது. உதவி மிகவும் தேவைப்படும் அந்த நாட்களில்தான் சட்டம் வாயைக் கட்டிப்போட்டது.

உச்ச நீதிமன்றம் 1994இல் ரத்தினம் வழக்கில் இப்பிரிவு செல்லாது என்றது. இரண்டே ஆண்டுகளில், கியான் கௌர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மீட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்த பிறகே உண்மையான திருப்பம் நேர்ந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று அதன் 115ஆம் பிரிவு கூறுகிறது. இறுதியாக, 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரைப் பணியவைக்கும் நோக்கில் முயல்வது மட்டுமே குற்றமாக எஞ்சியிருக்கிறது. பிரெஞ்சுப் புதுச்சேரி 1819இல் நின்ற இடத்துக்கு ஏறத்தாழ நாம் வந்து சேர்ந்திருக்கிறோம்.

சட்டம் மாறும்வரை காத்திராத மனிதர்களையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1953இல் லண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார், தற்கொலை எண்ணம் கொண்டோர் அழைத்துப் பேச ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். அறிவுரை சொல்லாமல் கேட்பது ஒன்றே அவர் கண்ட வழி. அவ்வழியில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் 'சிநேகா'வைத் தொடங்கினார். புதுச்சேரியில் 'மைத்ரேயி' என்னும் தன்னார்வ அமைப்பு அதே பணியை ஏற்றது. நமக்கு அண்டையிலுள்ள கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதியில், பூச்சிக்கொல்லிகளை வீட்டில் வைக்காமல் பொதுவிடத்தில் பூட்டி வைக்கும் முயற்சியையும் சிநேகா செய்துபார்த்தது. அந்த வேகத்தில் கை எட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருந்தால், அந்த நேரம் கடந்துவிடக்கூடும் என்பதே அதன் அடிப்படை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2015இல் ஒரு லட்சம் பேருக்கு 43.2 என்ற விகிதத்தோடு தற்கொலையில் புதுச்சேரியே நாட்டில் முதலிடத்தில் இருந்தது. 2022இல் அது 29.7, அவ்வாண்டு நாட்டின் சராசரி 12.4. குறைந்திருக்கிறது, ஆயினும் இரு மடங்குக்கும் மேல். இதற்குச் சட்டத்தை மட்டும் காரணமாக்குவது நேர்மையாகாது. கடனும் குடியும் குடும்பப் பூசலும் நோயும் சேர்ந்து நெய்த துயரம் அது. ஆனால் சட்டம் விலகிக்கொண்ட இடத்தை யார் நிரப்புவது என்ற கேள்வி, இருநூறாண்டுக்கு முன் விடையின்றி நின்றதைப்போல இன்றும் நின்றுவிடக் கூடாது.

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இதைப் படிப்பவர்களில் எவருக்கேனும் இன்றைய பொழுது தாங்க முடியாததாக இருந்தால், தயங்காமல் பேசுங்கள். அப்படிப் பேசுவது எந்த ஏட்டிலும் குற்றமன்று.