அரைப் பேர்: பன்வில மலைத் தப்பும் டெட்ரொயிட் இசைத்தட்டும்

தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. ஒரு நாள் வேலை செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் பதிவானால் அது ஒரு பேர். சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுக்காதவருக்கு அரைப் பேர். இலங்கையின் பன்வில, மடுல்கலை, ஹுலுகங்கைப் பக்கத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று கேட்டால், வீட்டில் உள்ளவர்களை எண்ணச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்தக் கட்டுரை இசைப் பதிவுகளைப் பற்றியது. ஆனாலும் இந்தச் சொல்லில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. 1960களில் அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில், உலகெங்கும் விற்ற இசைத்தட்டுகளுக்கு வாசித்தவர்களும் ஒரு வகையில் அரைப் பேர்க்காரர்களே. அவர்களுக்குக் கூலி கிடைத்தது. தட்டின் உறையில் பெயர் இல்லை. பன்வில மலையில் தப்பு என்னும் தோல்வாத்தியத்தை அடித்தவருக்கோ பெயரும் இல்லை, தட்டும் இல்லை. இந்த இரண்டு இல்லாமைகளுக்கும் நடுவில் உள்ள தூரம் எப்படி உண்டானது என்பதே இங்கே ஆராயப்படுவது.

முதலில் ஒரு எச்சரிக்கை. பருத்திக் காட்டிலும் மக்கள் துன்பப்பட்டார்கள், தேயிலைக் காட்டிலும் துன்பப்பட்டார்கள், ஆகவே இரண்டு பாட்டும் ஒன்றுதான் என்று எழுதிவிடுவது சுலபம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அடிமை முறை வேறு, கங்காணி வழி ஆள்பிடித்து வேலை வாங்கும் முறை வேறு. மெட்டும் தாளமும் வேறு. ஒப்பிடத் தக்கது ஒன்று உண்டு: பாட்டு வேலைக்காட்டில் இருந்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போன வழி. அங்கே அது திறந்தது, இங்கே திறக்கவில்லை.

அங்கே அந்த வழி தேவாலயத்தின் ஊடாகப் போயிற்று. 1954 நவம்பரில் ரே சார்ள்ஸ் அட்லாண்டா நகரத்து வானொலி நிலையமொன்றின் கூடத்தில் 'ஐ காட் எ வுமன்' பாட்டைப் பதிந்தார். பக்திப் பாட்டின் மெட்டு, அதற்குள் காதல் வரிகள். சாமி பாட்டைக் கொண்டுபோய்ச் சரசத்துக்குப் பாடுவதா என்று முகம் சுளித்தவர்கள் பலர். ஆனால் கதவு திறந்துவிட்டது. பக்திப் பாடல் குழுவொன்றில் முன்னணிப் பாடகராக இருந்த சாம் குக் 1957இல் 'யூ சென்ட் மீ' பாடி வெளியே வந்தார். டெட்ரொயிட்டின் புகழ்பெற்ற போதகர் சி. எல். பிராங்ளினின் மகள் அரீதா, தந்தையின் ஆலயத்தில் பாடிப் பழகிய குரலோடு 1967இல் அலபாமா மாநிலத்தின் மசில் ஷோல்ஸ் ஊருக்குப் போய் 'ஐ நெவர் லவ்ட் எ மேன்' பாட்டைப் பதிந்தார். பில்போர்ட் சஞ்சிகை கறுப்பின மக்களின் தட்டு விற்பனைப் பட்டியலுக்கு 'சோல்' என்று பெயர் வைத்தது 1969இல். பெயர் வைக்கும்போது பிள்ளை ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தது.

இந்த இசைக்கு இரண்டு பெரிய பட்டறைகள். ஒன்று டெட்ரொயிட்டின் மோட்டவுன். கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரி கோர்டி, 1959 சனவரியில் தன் குடும்பத்தார் சேர்த்து வைத்திருந்த பொதுப் பணத்தில் 800 டொலர் கடன் வாங்கித் தொடங்கியது அது. நம் ஊர்ச் சீட்டுக்காசு போல என்று வைத்துக்கொள்ளலாம். வெஸ்ட் கிராண்ட் சாலையில் ஒரு சாதாரண வீட்டை வாங்கி, அதிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். வாத்தியக்காரர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'பாம்புக் குழி'. பகலில் அந்தக் குழி, இரவில் நகரத்து ஜாஸ் விடுதிகள் என்று வாழ்ந்தவர்கள்தான் பங்க் பிரதர்ஸ்: பியானோவில் ஏர்ல் வான் டைக், டிரம்ஸில் பெனி பெஞ்சமின், பேஸ் கிற்றாரில் ஜேம்ஸ் ஜேமர்சன். முதலில் பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி, பிறகு வாரச் சம்பளம். ஜேமர்சன் வலக்கையின் ஒரே விரலால் தந்தியைச் சுண்டுவார். அந்த ஒற்றை விரலில் இருந்துதான் பேஸ் கிற்றார் பாடகருக்குப் பின்னால் நிற்பதை விட்டுப் பாடகரோடு பேசத் தொடங்கியது. என்றாலும் 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வெளிவரும்வரை இவர்கள் பெயர் மோட்டவுன் உறைகளில் அச்சாகவில்லை. அடுத்த ஆண்டே நிறுவனம் லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. ஜேமர்சன் 1983இல் இறந்தார். இந்தக் குழுவைப் பற்றிய முழுநீள ஆவணப்படம் வந்தது 2002இல்.

மற்றப் பட்டறை மெம்பிஸ் நகரத்து ஸ்டக்ஸ். ஜிம் ஸ்டுவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டெல் அக்ஸ்டனும் பழைய சினிமாக் கொட்டகை ஒன்றைக் கூடமாக்கினார்கள். நாற்காலிகளைப் பிடுங்கினார்களே தவிர, திரையை நோக்கிச் சரிந்த தரையைச் சமப்படுத்தவில்லை. கொட்டகை வாசலில் எஸ்டெல் ஒரு தட்டுக்கடை போட்டார். தெருப் பிள்ளைகள் எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று பார்த்து உள்ளே சொல்லி அனுப்புவார். 1962இல் 'கிரீன் அனியன்ஸ்' வாசித்த புக்கர் டி. அண்ட் த எம். ஜி.ஸ் குழுவில் மூவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர். அந்த நகரத்தில் அன்று அவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து உண்பதே கடினம். ஓட்டிஸ் ரெடிங் 1967 டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் இறந்தார். சில நாட்களுக்கு முன் அவர் பதிந்திருந்த 'டொக் ஒப் த பே' மறு ஆண்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

இந்தக் கதையில் திறமைக்கு நிகராக மூன்று காரணங்கள் வேலை செய்தன. எசமானின் கை எட்டாத தேவாலயம் ஒன்று. கறுப்பின மக்களுக்காகவே ஒலிபரப்பிய, மெம்பிஸின் டபிள்யூ.டி.ஐ.ஏ. போன்ற உள்ளூர் வானொலி இன்னொன்று. மூன்றாவது, தென்மாநிலப் பருத்திக் காட்டை விட்டு வடக்கே தொழிற்சாலைக்குப் போய், ஒரு தட்டு வாங்குமளவுக்குக் கையில் காசு பார்த்த கேட்குநர் கூட்டம்.

இனிக் கண்டிச் சீமைக்கு வருவோம். திருச்சி, மதுரை, சேலம் பக்கத்துக் கிராமங்களில் 'கண்டிக்குப் போதல்' என்றால் மலைநாட்டின் எந்தத் தோட்டத்துக்கும் போவதுதான். நக்கிள்ஸ் மலையின் அடிவாரத்தில் உள்ள பன்வில, கோப்பிக் காலத்திலேயே காடு வெட்டித் தோட்டமான நிலம். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்கள் கொண்டுவந்த சுமையில் பாட்டும் தப்பும் இருந்தன.

மலையகத்தின் அச்சேறிய முதல் நூல்களில் ஒன்றே பாட்டு நூல்தான் என்பது கவனிக்கத் தக்கது. ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் வந்தது. கும்மி தொழிலாளரின் வடிவம். பாட்டின் பார்வையோ தோட்ட நிர்வாகத்தின் பார்வை. கோப்பியை எப்படி நடுவது, எப்படிப் பேணுவது என்று கும்மி மெட்டில் பாடம் நடக்கிறது. அதே 1869இல்தான் கோப்பி இலையில் செம்மஞ்சள் நோய் கண்டறியப்பட்டது. சில பத்தாண்டுகளில் கோப்பியே போய்விட, கும்மிக்குக் கற்பிக்கப் பயிர் இல்லாமற் போயிற்று. இதைவிடக் கச்சிதமான அங்கதத்தை எந்தப் புலவரும் எழுதியிருக்க முடியாது.

எழுதப்படாத இசை தப்பில் இருந்தது. மரச் சட்டத்தில் இறுகக் கட்டிய தோல், ஒரு கையில் தடித்த குட்டைக் குச்சி, மறு கையில் மெல்லிய மூங்கிற் சிம்பு. அடிப்பதற்கு முன் நெருப்பில் காய்ச்சித் தோலை முறுக்கேற்ற வேண்டும். மலை ஈரத்தில் இரவுக்கு இரண்டு மூன்று தடவை காய்ச்ச நேரும். இந்த வாத்தியம் தோட்டத்தில் இரு எசமானர்களுக்கு ஊழியம் செய்தது. விடியற்காலையில் லயத்தை எழுப்பி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு அழைத்ததும் தப்பு. சாவு வீட்டிலும் திருவிழாவிலும் அடித்ததும் தப்பு. மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையின் 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' (1954) என்ற ஆங்கில நெடுங்கவிதை விடியற்காலைத் தப்பொலியில் தொடங்குவது தற்செயலன்று. ஆள் பிடித்த வாத்தியமும் ஆள் விடுதலையான வாத்தியமும் ஒன்றே.

விடுதலையின் இடம், காமன் கூத்து நடக்கும் திறந்தவெளியான காமன் பொட்டல். மாசியில் காமன் ஊன்றி, இரவு இரவாகத் தொடரும் கூத்து. ரதியும் மன்மதனும் ஊர்வலம் வர, லாவணிக்காரர்கள் எரிந்த கட்சி எரியாத கட்சி பேச, முடிவில் காமன் எரிவான். இரவு முழுவதும் ஆட்டத்தை ஏந்திச் செல்வது தப்பு. பெரட்டுக்கு அழைக்கும் அடி வேறு, காமனை அழைக்கும் அடி வேறு, பிணம் எடுக்கும் அடி வேறு. இருட்டில் லயத்துக்குள் படுத்திருப்பவருக்கு அடியைக் கேட்டே விஷயம் விளங்கும். அமெரிக்கத் தேவாலயம் செய்த வேலையை மலையகத்தில் இந்தப் பொட்டல் செய்தது என்பது என் கருத்து. ஒரு வித்தியாசம் முக்கியமானது. தேவாலயத்தில் பாடகர் மதிக்கப்பட்டார். பொட்டலில் தப்படித்தவர், பறையர் என்ற சாதியின் பெயரால், அடி முடிந்ததும் ஓரமாக நின்றார். பதிவுக்காரன் வராததற்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. நம்மவர் காதும் அந்த ஒலியை 'இசை' என்று எண்ணவில்லை.

ஒலிப்பதிவுக் கருவி தேயிலைக் காட்டுக்கு வராமலும் இல்லை. 1934இல் பேசில் ரைட் இயக்கிய 'சோங் ஒப் சிலோன்' ஆவணப்படம் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காக எடுக்கப்பட்டது. இசை வோல்ட்டர் லீ, குரல் லயனல் வெண்ட். படத்தின் நான்கு பகுதிகளில் முதற் பகுதி புத்தரைப் பற்றியது. கடைசிப் பகுதியில் கண்டி நடனமும் அதன் மேளமும் அற்புதமாக வருகின்றன. மூன்றாம் பகுதியின் பெயர் 'வணிகத்தின் குரல்கள்'. கொழுந்தெடுக்கும் காட்சிகள் அங்கேதான் இடம்பெறுகின்றன. அவற்றின் மேல் கேட்பது சந்தை விலையும் கப்பற் செய்தியும் சொல்லும் குரல்கள். உலகச் சினிமா வரலாற்றில் ஒலியைக் கையாண்ட விதத்துக்காகக் கொண்டாடப்படும் படம் அது. ரைட் அங்கே வணிகத்தைக் கேலி செய்கிறார் என்றும் வாதிடலாம். எப்படியாயினும், தேயிலைக் காசில் எடுத்த படத்தில் தேயிலை பறித்தவளின் கை இருக்கிறது, அவள் பாட்டு இல்லை.

மலையகப் பாட்டு நுழைந்த வேறு வழி அரசியல் மேடை. 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யரோடு மேடையேறிய அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள், பேச்சுக்கு முன் பாடினார். அந்நியர் நுழையத் தடை இருந்த தோட்டத்துக்குள் பேச்சைவிடப் பாட்டு எளிதாகப் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1940இல் மீனாட்சி அம்மாள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் பிரசுரத்தை வெளியிட்டார். தெரிந்த மெட்டு, புதிய சொல். ரே சார்ள்ஸ் பதினான்கு ஆண்டு பின்னால் செய்த வித்தை இதுவே. அம்மாளின் பாட்டு தாளில் நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் லயத்து வாசலில் படிக்க, மற்றவர்கள் மெட்டைப் போட்டுக்கொண்டார்கள். அவர் குரல் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று தாளில் இல்லை.

வானொலி வந்தது. 1925இல் கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கிற்று; 1949இல் ரேடியோ சிலோன் உருவானது; மறு ஆண்டு வர்த்தக சேவை. தென்னிந்தியா முழுவதும் காது கொடுத்துக் கேட்ட நிலையம் அது. மெம்பிஸில் உள்ளூர் வானொலி கறுப்பின மக்களைக் கேட்குநராக எண்ணத் தொடங்கிய அதே காலம். ஆனால் 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. அரசின் வானொலிக்கு அரசின் குடிகள் அல்லாதவரின் பாட்டைத் தேடிப் போகும் அவசரம் இருந்திருக்காது. லயத்துக்குள் சினிமாப் பாட்டு வந்தது, லயத்தில் இருந்து எதுவும் போகவில்லை. மூன்றாவது காரணமும் இங்கே இல்லை: அரைப் பேர் விழுந்த மாதத்தில் தட்டு வாங்குவது யார்?

1960களின் பிற்பகுதியில் இலங்கையில் துள்ளிசை பிறந்தபோது இந்தப் பள்ளம் இன்னும் தெளிவாயிற்று. ஹப்புத்தளையில் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு சிங்களப் பொப் இசையை மாற்றினார். தமிழில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார், ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைக் கடல் கடந்து கொண்டுபோனார். இந்தப் பாட்டுகளில் கலந்த பைலா இசையின் அடித்தாளத்தில் போர்த்துக்கேயரோடு வந்த ஆபிரிக்கர்களின் சாயல் உண்டு. புத்தளம் சிறாம்பியடியில் அவர்கள் வழித்தோன்றல்கள் இன்றும் மாஞ்சா என்னும் தங்கள் பாட்டைப் பாடுகிறார்கள். ஆக, அட்லாண்டிக் கடலைத் தாண்டிய தாளத்தின் ஒன்றுவிட்ட உறவு இந்தத் தீவின் தட்டுகளில் ஏறிவிட்டது. தப்பு ஏறவில்லை. துள்ளிசைக்காரர்கள் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் பாடினார்கள், மலையில் இருந்து அவர்களுக்குக் குரல் கொடுக்க ஆள் இல்லை.

அந்த ஆட்களில் பலர் அப்போது மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரித் தேயிலையில் போய் நின்றார்கள். அடி பிரிந்தது, அப்பனிடம் பாதி கற்ற அடியோடு பிள்ளை அக்கரையில். சி. வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகத் திரட்டிய நாட்டார் பாடல்கள் சொற்களைக் காப்பாற்றின. தாளத்தை எழுத்தில் காப்பாற்ற வழியில்லை.

இப்போது பதிவுக்குக் கூடம் தேவையில்லை. மாசி இரவில் பொட்டலைச் சுற்றிலும் கைப்பேசிகள் உயர்ந்து நிற்கின்றன. காமன் எரிவதும் தப்பு காய்ச்சுவதும் மறுநாளே இணையத்தில் ஏறிவிடுகின்றன. அந்தக் காணொளிகளின் தலைப்பில் பெரும்பாலும் தோட்டத்தின் பெயர் இருக்கும், டிவிசன் இருக்கும், ஆண்டு இருக்கும். அடித்தவர் பெயர் இருப்பது அரிது.